கறவைப் பசுவிற்குத் தானியத் தீனி

ஓசூர், கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் சங்கத்திற்குப் பால் ஊற்றும் அங்கத்தினர் பலர், தவிடும் ஊறவைத்த பிண்ணாக்கும் கொடுத்துவிட்டால் பசுவின் தீனி நிறைவுற்றதாகக் கருதுகின்றனர். இவ்வழக்கத்திற்குக் காரணம் உண்டு. மத்திகிரியில் 1824-ஆம் ஆண்டிலேயே கால்நடைப் பண்ணை அமைந்த பகுதி இது. மாடு வளர்ப்பு நமக்குப் புதிதன்று. ஆனால் இம்மலைப்புறத்தின் பழைய இனமாகிய ஆலம்பாடி மாடு ஏருக்கும் வண்டிக்கும் பேர் பெற்றது. கன்றுக்குப் போக அது வீட்டிற்குக் கொடுத்த பால் சொற்பமே. மேய்ச்சலும் கேழ்வரகுத் தாளும் அதற்குப் போதுமாயிருந்தன. இன்று தொழுவத்தில் நிற்பவை பெரும்பாலும் கலப்பினப் பசுக்கள். நாளொன்றுக்குப் பத்து லிட்டர் கறக்கும் பசு, தீனியில் சத்துக் குறைந்தால் தன் உடலை உருக்கியே பால் கொடுக்கும். ஈன்ற சில வாரங்களில் விலா எலும்பு தெரிவதும், மீண்டும் சினைப்பருவம் காட்டாமல் மாதங்கள் கழிவதும் பெரும்பாலும் இதன் விளைவே.

பிண்ணாக்கு புரதம் தரும். தவிட்டில் மணிச்சத்து மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. பால் சுரப்பிற்கு வேண்டிய வலுவைத் தருவது தானியத்திலுள்ள மாவுச் சத்து. மக்காச்சோளம், கம்பு, சோளம், கேழ்வரகு ஆகியவற்றுள் அந்தப் பருவத்தில் எது மலிவோ அதனைக் கொள்ளலாம். நூறு கிலோ கலவைக்குத் தானியம் 35, கடலைப் பிண்ணாக்கு 30, தவிடு 32, தாது உப்புக் கலவை 2, சாதாரண உப்பு 1 கிலோ என்பது கையாளத்தக்க அளவு. கடலைப் பிண்ணாக்கிற்குப் பதில் தேங்காய்ப் பிண்ணாக்கை அதே நிறையில் சேர்ப்பவர் ஏமாறுவர்; அதிலுள்ள புரதம் ஏறக்குறைய பாதியே. தானியத்தை நொய்யாக உடைத்தே சேர்த்தல் வேண்டும். முழுக் கேழ்வரகு சாணத்தில் முழுதாகவே வெளிவந்துவிடும். அது கோழிக்குத்தான் இலாபம்.

பசுவின் உடலைக் காக்க நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் கறக்கும் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ வீதம் கலவை தரலாம். பத்து லிட்டர் பசுவிற்கு ஐந்தரைக் கிலோ ஆகும். எருமையாயின் இரண்டு லிட்டருக்கு ஒரு கிலோ. ஏழு மாதச் சினைக்குமேல் கூடுதலாக ஒரு கிலோ வேண்டும். இதனைப் படியால் அளத்தல் கூடாது. ஒரு படி தவிடும் ஒரு படி மாவும் ஒரே நிறையல்ல. நூலை நிறுத்து வாங்கும் நெசவாளர் அங்கத்தினருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

தானியம் நல்லதென்று ஒரே நாளில் அள்ளி வைத்தல் பேராபத்து. கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றையும், தொழிற்சாலை உணவுக்கூடங்களில் மீந்ததையும் வாளி வாளியாகப் பசுவிற்கு ஊற்றும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. மாவுப் பொருள் மிகுதியாக உட்சென்றால் முதல் வயிற்றில் வேகமாகப் புளிப்பேறும். மாடு அசைபோடுவதை நிறுத்தும், வயிறு உப்பும், கழியும், தள்ளாடிப் படுக்கும். ஓரிரு நாளிலேயே இறந்துபோவதும் உண்டு. கடன் வாங்கி வாங்கிய பசு ஓர் இரவுச் சோற்றால் போய்விடலாம். இக்குறி கண்டவுடன் தீனியை நிறுத்திக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். 1962 என்ற எண்ணில் நடமாடும் மருத்துவ வண்டியைக் கோரலாம். புதுக் கலவையை அரைக் கிலோவில் தொடங்கி, இரண்டு வாரத்தில் படிப்படியாக உயர்த்தி, இருவேளையாகப் பிரித்துத் தரவேண்டும்.

உலர்தீனியைக் குறைத்துக் கலவையைப் பெருக்குவதும் பயனற்றது. தாளும் பசும்புல்லும் குறைந்தால் பாலில் கொழுப்புக் குறையும். பசும்பாலுக்கு விதித்த அளவு கொழுப்பு 3.2, கொழுப்பற்ற திடப்பொருள் 8.3 சதவிகிதம். சங்கத்தில் விலை அளவால் மட்டும் வருவதில்லையாதலால், கூடிய லிட்டர் குறைந்த விலையில் கரைந்துவிடும்.

மழைக்காலத்தில் பிண்ணாக்கை முகர்ந்து பார்த்து வாங்குக. பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கிலுள்ள அஃப்லடாக்சின் என்னும் நஞ்சு பாலிலும் இறங்கும், காய்ச்சினாலும் போகாது. மலிவாகக் கிடைக்கும் கறுத்த பிண்ணாக்கு மூட்டையை எவ்விலைக்கும் வாங்கலாகாது. நல்ல மூட்டைகளையும் தரையில் அடுக்காமல் மரப்பலகைமேல், சுவரினின்று ஒரு முழம் தள்ளி வைத்தல் வேண்டும்.