துப்பாக்கி ‘வெறுமை’ எனச் சொன்னால் போதாது, காட்டவும் வேண்டும்

துப்பாக்கி விபத்துகளின் பின்னர் உலகின் எல்லா நாடுகளிலும் கேட்கப்படும் விளக்கம் அநேகமாக ஒன்றேயாகும். ‘உள்ளே ரவை இருந்தது தெரியாது’ என்பதே அந்த விளக்கம். சுட்டவரும் பொய் சொல்லவில்லை. அருகில் நின்றவரும் அவரை நம்பியே நின்றார். வெறுமையானது என எல்லோரும் எண்ணியிருந்த துவக்கே உயிரைப் பறித்தது. துப்பாக்கியின் வெறுமையை ஒருவரது நினைவிலும் வாக்கிலும் தங்கவிடாது எல்லோரது கண்ணுக்கும் தெரியச் செய்யும் வழியொன்றைத் துப்பாக்கி சுடும் விளையாட்டு உலகம் கண்டறிந்துள்ளது. செம்மஞ்சள் நிறத்திலான சிறிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றே அவ்வழியாகும். வெற்று ரவை அறை காட்டி என்றும், பாதுகாப்புக் கொடி என்றும் அது அழைக்கப்படுகின்றது.

இவ்விடயம் கண்டி மக்களுக்கு அந்நியமானதல்ல. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தேயிலை, இறப்பர் தோட்டத் துரைமார்களைக் கொண்டு 1900ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படையணி கண்டியையே தலைமையகமாகக் கொண்டிருந்தது. அப்படையணி 1949இல் கலைக்கப்பட்டது. எனினும், குறி பார்த்துச் சுடும் பழக்கம் மலையகத் தலைநகரை விட்டு நீங்கவில்லை. கண்டியின் முன்னணிப் பாடசாலைகள் சிலவற்றில் அது ஒரு விளையாட்டாக வளர்ந்தது. 1881ஆம் ஆண்டு கொழும்பு றோயல் கல்லூரியில் ஆரம்பமான கடேற் பயிற்சி இன்று நாடெங்கும் பரவியிருக்கின்றது. அதன் பயிற்சி நிலையம் மகாவலிக் கரையில் ரந்தெம்பையில் இயங்குகின்றது.

இவ்விளையாட்டில் இலங்கையின் பெயர் சர்வதேச அரங்கிலும் ஒலித்துள்ளது. 1994ஆம் ஆண்டு கனடாவின் விக்டோரியா நகரில் நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டு விழாவில் பெண்களுக்கான எயார் ரைபிள் இணையர் போட்டியில் இலங்கை தங்கப் பதக்கம் வென்றது. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் தெஹானி எகொடவெல எயார் ரைபிள் போட்டியில் இலங்கையின் சார்பில் பங்குபற்றினார். இவற்றைப் பார்த்து நம் பிள்ளைகளும் இவ்விளையாட்டில் ஆர்வம் கொள்வது இயல்பே.

ஆனால், தமிழ், முஸ்லிம் பெற்றோரின் மனநிலை வேறு. மூன்று தசாப்த கால யுத்தத்தில் துவக்கின் ஓசையை அழிவின் ஓசையாகவே கேட்டுப் பழகிய சமூகங்கள் இவை. தமது பிள்ளை துப்பாக்கியைத் தொடுவதை விளையாட்டாக ஏற்றுக்கொள்ள அவர்கள் தயங்குவதில் வியப்பில்லை. அந்தத் தயக்கத்தை ஏளனம் செய்யக் கூடாது. அதற்கு உரிய பதில், பாதுகாப்பு எவ்வாறு உறுதி செய்யப்படுகின்றது என்பதை விளக்குவதேயாகும்.

முதலில் ஆபத்து எங்கே ஒளிந்திருக்கின்றது என்பதைப் பார்ப்போம். துப்பாக்கிக் குழலின் பின்முனையில், சுடப்படவிருக்கும் ரவை சென்று அமரும் இடமே ரவை அறையாகும். அதனைப் பின்புறமிருந்து அடைத்து நிற்பது போல்ட் எனப்படும் உருக்குப் பாகம். பல துப்பாக்கிகளில் மேலதிக ரவைகள் மெகசின் என்ற பெட்டியில் அடுக்கப்பட்டிருக்கும். போல்டைப் பின்னிழுத்து முன்தள்ளும்போது மெகசினிலுள்ள ரவை ஒன்று அறைக்குள் செல்கின்றது. போல்ட் மூடப்பட்ட பின்னர் அறைக்குள் ரவை இருக்கின்றதா இல்லையா என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர் அறிய இயலாது. இரண்டு நிலையிலும் துப்பாக்கியின் தோற்றம் ஒன்றே.

இங்குதான் தவறு நிகழ்கின்றது. மெகசினைக் கழற்றியதும் துப்பாக்கி வெறுமையாகிவிட்டது எனப் பலர் எண்ணுகின்றனர். ஆனால், ஏற்கனவே அறைக்குள் சென்றுவிட்ட ரவை அங்கேயே இருக்கின்றது. வேறு சிலர் முதலில் போல்டை இழுத்து உள்ளிருந்த ரவையை வெளியேற்றுகின்றனர். அதன் பின்னரே மெகசினைக் கழற்றுகின்றனர். போல்ட் முன்னே சென்றபோது மெகசினிலிருந்த அடுத்த ரவை அறைக்குள் புகுந்துவிட்டதை அவர்கள் கவனிப்பதில்லை. முதலில் மெகசினை அகற்ற வேண்டும்; அடுத்துப் போல்டைத் திறக்க வேண்டும்; பின்னர் அறையைக் கண்ணால் பார்க்க வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் உயிர் போகலாம்.

பாடசாலைகளில் பயன்படும் எயார் ரைபிளில் மெகசின் பெரும்பாலும் இல்லை. ஆனால், அதில் வேறொரு சிக்கல் உண்டு. 10 மீற்றர் போட்டியில் பயன்படும் ஈயக் குண்டின் விட்டம் 4.5 மில்லிமீற்றர் மாத்திரமே. குழலின் வாயில் புகுந்துவிட்ட அக்குண்டு, துப்பாக்கியைத் திறந்து பார்த்தாலும் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. காற்றின் அழுத்தத்தால் இயங்குவதனால் அதனை விளையாட்டுப் பொருளாகக் கருதுவோரும் உளர். கண்ணைப் பறிக்கவும், மிக அருகில் பட்டால் உயிருக்கே உலை வைக்கவும் அச்சிறு குண்டு போதுமானது. 50 மீற்றர் போட்டியில் பயன்படும் 5.6 மில்லிமீற்றர் ரவையோ ஒரு மைலுக்கும் அப்பால் செல்லக்கூடியது. மலைச்சரிவெங்கும் வீடுகளும் லயன்களும் நிறைந்த கண்டிப் பிரதேசத்தில் அந்தத் தூரத்தின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

பாதுகாப்புக் கொடியின் செயற்பாடு மிக எளிமையானது. அதன் நீண்ட முனை ரவை அறைக்குள் செலுத்தப்படும். எஞ்சிய பகுதி செம்மஞ்சள் போன்ற பளிச்சிடும் நிறத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அறைக்குள் ரவை இருந்தால் முனை உள்ளே செல்லாது. முனை உள்ளே இருக்கும்வரை போல்ட் முழுமையாக மூடாது. மூடாத துப்பாக்கி வெடிக்காது. எயார் ரைபிளுக்கு குழலின் முழு நீளத்திற்கும் ஊடுருவிச் செல்லும் நீண்ட நாண் பயன்படுத்தப்படுகின்றது. அது மறுமுனையில் வெளிப்பட்டால் குழலுக்குள் குண்டு சிக்கியிருக்கவில்லை என்பது நிரூபணமாகும். புல்வெட்டும் இயந்திரங்களில் பொருத்தப்படும் நிறமான நைலோன் நாணையே இதற்காக வெட்டிப் பயன்படுத்துவோர் பலர். செலவு அற்பமானது என்பதனால் வசதி குறைந்த பாடசாலையும் இதற்குப் பணமில்லை எனக் கூற முடியாது.

சர்வதேச துப்பாக்கி சுடும் விளையாட்டுச் சம்மேளனத்தின் விதிகள் இக்கொடியைக் கட்டாயமாக்கியுள்ளன. அகற்றுவதற்கு அனுமதி வழங்கப்பட்ட நேரம் தவிர ஏனைய வேளைகளில் அது துப்பாக்கியில் இருந்தாக வேண்டும். அமெரிக்காவில் இளையோருக்கான போட்டிகளை நடத்தும் சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் அமைப்பும் இதனையே வலியுறுத்துகின்றது.

கொடி மாத்திரம் தனித்து நிற்பதில்லை. அதனைச் சுற்றி ஓர் ஒழுங்கு கட்டமைக்கப்பட்டுள்ளது. சுடும் கோட்டில் நின்று, அதிகாரி கட்டளையிட்ட பின்னரே ரவை இட வேண்டும். ‘நிறுத்து’ என்ற கட்டளை கேட்டவுடன் இறுதி ஓர் இலக்கு எஞ்சியிருந்தாலும் நிறுத்த வேண்டும். இலக்குகளை மாற்றுவதற்காக எவரேனும் முன்னே செல்லும் வேளையில் எந்தத் துப்பாக்கியையும் எவரும் தொடலாகாது. போட்டி முடிந்த பின்னர் சுடுகள அதிகாரி துப்பாக்கியைத் திறந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும். அவர் பார்ப்பதற்கு முன்னர் அதனைப் பெட்டியில் இடும் வீரர் போட்டியிலிருந்தே நீக்கப்படலாம். சிறந்த புள்ளிகளைப் பெற்ற வீரருக்கும் இதில் விலக்கில்லை.

இத்தனை கண்டிப்பு எதற்கு எனக் கேட்போர் 2021ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் நிகழ்ந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். ‘ரஸ்ட்’ என்ற திரைப்படத்தின் ஒத்திகையின்போது நடிகர் அலெக் போல்ட்வினின் கையிலிருந்த கைத்துப்பாக்கி வெடித்ததில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் உயிரிழந்தார். ஆபத்தற்றது என்ற அறிவிப்புடனேயே அத்துப்பாக்கி படப்பிடிப்புத் தளத்துக்கு வந்தது. அதற்குள் உண்மையான ரவை இருந்தது. படப்பிடிப்பின் ஆயுதப் பொறுப்பாளர் 2024இல் குற்றவாளியாகக் காணப்பட்டு 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். ஒருவர் வாயால் சொன்ன உறுதியை அடுத்தவர் கண்ணால் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டால் எது நிகழும் என்பதற்கு இதனைவிட வேறு சான்று தேவையில்லை.

இஸ்லாமிய மரபிலும் இதே கருத்து உண்டு. பள்ளிவாசலிலோ சந்தையிலோ அம்புகளுடன் செல்பவர், எவருக்கும் காயம் ஏற்படாதவாறு அவற்றின் கூர்முனைகளைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை ஹதீஸ்கள் கூறுகின்றன. ஆயுதத்தைச் சுமப்பவனே பிறருக்குப் பாதுகாப்பளிக்கும் கடமையையும் சுமக்கின்றான் என்பதே அதன் சாரம். கொடி செருகும் வீரர் செய்வதும் அதுவே.

இப்பழக்கம் சுடுகளத்துடன் நின்றுவிடக் கூடாது. தெல்தெனிய, கலஹா, கம்பளை போன்ற பகுதிகளை அண்டிய கிராமங்களில் காட்டுப் பன்றியிடமிருந்தும் குரங்குகளிடமிருந்தும் பயிரைக் காப்பது விவசாயிகளின் ஓயாத போராட்டமாகும். அதற்கென அனுமதிப்பத்திரத்துடன் துவக்கு வைத்திருப்போர் உளர். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அந்த அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். குழலை மடித்துத் திறக்கும் வகைத் துவக்கை, திறந்த நிலையிலேயே தூக்கிச் செல்வது உலகெங்கும் உள்ள வழக்கமாகும். எதிரே வருபவர் குழலின் ஊடாக வெளிச்சத்தைக் காணலாம். அதுவே கிராமத்து விவசாயியின் பாதுகாப்புக் கொடி.

வாய்வழியாக மருந்து இடித்து நிரப்பும் இடியன் துவக்கின் நிலை வேறு. அதற்குத் திறந்து பார்க்கக்கூடிய அறையே கிடையாது. இடிக்கும் கோலைக் குழலுக்குள் விட்டு, அது அடிவரை செல்கின்றதா என அளந்து பார்ப்பதே அதனைச் சோதிக்கும் வழி. காட்டுப் பன்றிக்காக வழியோரம் கட்டிவைக்கப்படும் கட்டுத்துவக்கையோ எந்தக் கொடியாலும் பாதுகாப்பானதாக்க முடியாது. விறகு தேடிச் செல்பவரையும் அது பன்றியாகவே எண்ணும். அதனை ஒழிப்பதைத் தவிர வேறு பரிகாரம் இல்லை.

கொடி செருகியதும் எல்லாம் முடிந்துவிட்டது என எண்ணுவதும் தவறாகும். கொடி இருந்தாலும் துப்பாக்கியின் வாய் எவரை நோக்கியும் திரும்பலாகாது. சுடும் கணம் வரை விரல் விசையைத் தொடலாகாது. கொடி இந்தப் பழக்கங்களுக்கு மாற்று அல்ல. அவை ஒரு கணம் தவறினாலும் உயிரைக் காக்கும் மேலதிகக் காவலாகும்.

ஆகவே, பிள்ளைகளைத் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் பாடசாலையிடம் சில கேள்விகளைத் தயங்காது கேட்க வேண்டும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் கொடி இருக்கின்றதா? பயிற்சி முடிந்ததும் அதனைத் திறந்து பார்ப்பவர் யார்? அவை பூட்டி வைக்கப்படும் இடத்தின் திறப்பு யாரிடம் இருக்கின்றது? ரவைகள் வேறிடத்தில் வைக்கப்படுகின்றனவா? இக்கேள்விகளுக்கு உடனடியாகப் பதிலளிக்கக்கூடிய பாடசாலையை நம்பலாம். பதிலளிக்கத் தடுமாறும் பாடசாலை, பதக்கங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் அக்குறையைத் தீர்க்க வேண்டும். சர்வதேசப் போட்டிகளில் கட்டாயமான இவ்விதி பாடசாலை, கடேற் மற்றும் பிரதேச மட்டப் பயிற்சிகளிலும் முதல் நாளிலிருந்தே கடைப்பிடிக்கப்பட வேண்டும். அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வரும் விவசாயிகளுக்கும் மாவட்டச் செயலகங்கள் இதனை விளக்கிக் கூறலாம்.

‘வெறுந் துவக்குத்தானே’ என்ற சொல் எத்தனையோ குடும்பங்களில் இறுதிச் சொல்லாக அமைந்திருக்கின்றது. அச்சொல்லை நம்பாமல், கண்ணால் கண்டதை மாத்திரமே நம்பும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு ஊட்டுவது சுடுகளத்தில் கிடைக்கும் எந்தப் பதக்கத்தையும்விடப் பெறுமதியானதாகும்.