மணல் அள்ளாமல் மணி வருமா?

நோணாங்குப்பத்துப் படகுத்துறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சுண்ணாம்பாற்றில் ஒரு சுற்று போய், கழிமுகத்து மணல்திட்டில் கால் நனைத்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், காக்காயந்தோப்பை ஒட்டிக் கிடக்கிறது அரிக்கமேடு. பெருமழை பெய்து ஓய்ந்தால் அந்த மேட்டு மண்ணில் கடுகளவும் மிளகளவுமாகக் கண்ணாடி மணிகள் தலைகாட்டும். 1930-களில் ஊர்ச் சிறுவர்கள் பொறுக்கி வைத்திருந்த இப்படிப்பட்ட பொருள்கள்தாம் பிரெஞ்சு அறிஞர் ழுவோ-துப்ரேயின் கண்ணை இந்தப் பக்கம் திருப்பின. பிறகு 1945-இல் மார்ட்டிமர் வீலர், 1947 முதல் 1950 வரை கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்று அகழாய்வுகள் தொடர்ந்தன. ரோமானிய மதுச்சாடிகள் கிடைத்ததால் அரிக்கமேடு உலகப் புகழ் பெற்றது. ஆனால் இந்த ஊரின் சொந்தச் சரக்கு மணிதான்.

புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இந்த மணிகளைப் பார்க்கலாம். உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒரு சேதி புரியும். மணிக்குள் சிக்கிய காற்றுக் குமிழ்களும் நிறக்கீற்றுகளும் துளையின் போக்கிலேயே நீளவாட்டில் ஓடும். கம்பியில் சுற்றிச் செய்த மணி என்றால் அவை துளையைச் சுற்றி வளைந்திருக்கும். நேராக ஓடுவதால், உருகிய கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, பிறகு துண்டு போட்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது. இவ்வகை மணிகள் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரை முதல் கொரியா வரை கிடைக்கின்றன. மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இவற்றுக்கு ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ என்று பெயர் வைத்தார். இவற்றின் தொடக்ககாலப் பட்டறையாக அரிக்கமேட்டைக் கருதினார்.

இந்த மணிக்கும் இன்றைய இணைய விளையாட்டுக்கும் என்ன தொடர்பு? விளையாடுகிறவர்களிடம் கேட்டால், பல ஆண்டுகளாக ஓயாத ஒரு வழக்கைச் சொல்வார்கள். விளையாட்டுக்குள் கொல்லராகவோ தையல்காரராகவோ ‘கிராஃப்டிங்’ கற்றுக்கொள்கிறவர், அதற்கான இரும்பையும் தோலையும் தானே தேடிச் சேர்க்க வேண்டுமா, அல்லது கடையில் வாங்கிக்கொண்டு நேரே சுத்தியலைப் பிடிக்கலாமா? சேர்த்தே ஆக வேண்டும் என்பவர்கள், உழைக்காமல் கிடைக்கும் வாளுக்கு மதிப்பேது என்கிறார்கள். மற்றவர்களோ, ஒரே பாறையை மணிக்கணக்கில் கொத்துவதற்குப் பெயர் விளையாட்டா என்று கேட்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருப்பதுபோலத் தோன்றுகிறது. நிஜமான பட்டறை ஒன்றில் இது எப்படி நடந்தது என்று பார்த்தால் வழக்கு கொஞ்சம் தெளியும்.

கண்ணாடிக்கு ஆதாரம் மணல், அதாவது சிலிக்கா. தூய சிலிக்கா உருக ஏறக்குறைய 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். விறகும் துருத்தியும் வைத்திருந்த பழங்கால உலை எதுவும் அந்தச் சூட்டை எட்டாது. ஆனால் மணலோடு சோடா உப்பைச் சேர்த்தால் சிலிக்காவின் பின்னல் ஆங்காங்கே அறுந்து, ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே குழைந்துவிடும். அந்தச் சோடாவுக்குத் தென்னாட்டில் பஞ்சமில்லை. கோடையில் நிலத்தடி ஈரம் மேலேறி ஆவியாகும்போது மண்ணின் மேல் வெள்ளையாகப் பூக்கிறதே உவர், அதில் சோடியம் உப்புகள் நிறைந்திருக்கின்றன. துணி வெளுக்க வண்ணார்கள் பயன்படுத்திய உவர்மண் அதுதான்.

மணலிலும் ஒரு சங்கதி உண்டு. நம் பக்கத்து மணலில் பெரும்பகுதி கருங்கல் பாறைகள் சிதைந்து வந்தது. அதில் சிலிக்காவோடு அலுமினியம் கலந்த கனிமங்களும் இருக்கும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கிடைத்த பழைய மணிகளை வேதியியல் முறையில் ஆராய்ந்தபோது, சோடாவும் அலுமினாவும் மிகுந்து சுண்ணாம்பு குறைந்த ஒரு கண்ணாடி வகை திரும்பத் திரும்பத் தென்பட்டது. மத்திய தரைக்கடல் பகுதிக் கண்ணாடியில் இந்தச் சேர்மானம் இல்லை. எனவே கொரியாவில் கிடைத்த மணியையும் ஆராய்ந்து, அதன் கண்ணாடி எந்த வகை மண்ணில் பிறந்தது என்று சொல்ல முடிகிறது.

இந்தச் சேர்மானம் தொழிலுக்கும் தோதானது. சுண்ணாம்பு மிகுந்த கண்ணாடி சட்டென்று இறுகும். சுண்ணாம்பு குறைந்து அலுமினா கூடினால் இறுக்கம் மெதுவாக ஏறும். இழுக்கிறவருக்கு நேரம் கிடைக்கும். ஆந்திரத்தில் திருப்பதிக்கு அருகே உள்ள பாபநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டிலும் இந்த இழுப்புத் தொழில் நடந்தது. ‘லாடா’ என்னும் நீண்ட இரும்புக் குழலின் முனையில் உருகிய கண்ணாடியைத் திரட்டிக் கூம்பாக உருட்டி, நடுவே துளை விட்டு, உலைக்குள் செலுத்துவார்கள். எதிர்ப்புறத் திறப்பில் உட்கார்ந்திருப்பவர் கூம்பின் நுனியைக் கொக்கியால் பிடித்து, நூல் இழுப்பதுபோல ஒரே சீராக இழுத்துக்கொண்டே இருப்பார். கை சற்றுத் தயங்கினால் குழாய் தடிக்கும், அவசரப்பட்டால் அறுந்துவிடும். இழுத்த குழாயை நறுக்கி, துண்டுகளைச் சாம்பலோடு கலந்து சட்டியில் சூடாக்குவார்கள். சாம்பல் துளையை அடைத்துக் காக்கும். கூர்விளிம்புகள் மழுங்கி மணி உருளும்.

இனி நிறம். உலையில் காற்று தாராளமாக இருந்தால் செம்பு கலந்த கண்ணாடி நீலப்பச்சையாகும். காற்றைக் கட்டுப்படுத்திப் புகைய விட்டால் அதே செம்பு அடர்ந்த செங்கல் சிவப்பைத் தரும். ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்தால் மஞ்சள். கோபால்ட் துளி போதும், கருநீலம் வந்துவிடும். செம்பும் வெள்ளீயமும் கோபால்ட்டும் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் விளைகிறவை அல்ல. யாரோ, எங்கிருந்தோ, படகிலும் வண்டியிலும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். குழாய் இழுத்த கைவினைஞர் செம்புச் சுரங்கத்தை வாழ்நாளில் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை.

ரோமானிய உலகம் இந்தப் பிரிவினையை இன்னும் பெரிதாகச் செய்தது. எகிப்து, பாலஸ்தீனக் கரைகளில் இருந்த பேருலைகளில் கண்ணாடியை மட்டும் டன் கணக்கில் உருக்கி, உடைத்து, கட்டிகளாகக் கப்பல் ஏற்றினார்கள். தொலைதூர நகரங்களின் பட்டறைகள் அந்தக் கட்டியை வாங்கி மறுபடி உருக்கிக் குவளை ஊதின. மணல் தேர்ந்தெடுப்பது ஓரிடத்து வித்தை, ஊதுவது வேறோர் இடத்து வித்தை. பின்னாளிலும் இந்த முறை தொடர்ந்தது. இஸ்ரேலில் பேத் ஷியாரிம் என்ற இடத்தில் ஒரு குகைத் தளத்தில் கண்ணாடிப் பாளம் ஒன்று கிடக்கிறது. எடை சுமார் 9 டன். யாரும் அதை உடைத்து விற்கவில்லை. சேர்மானத்தில் சுண்ணாம்பு மிகுந்துவிட்டதால் உள்ளே படிகம் கட்டி, எதற்கும் உதவாமல் போய்விட்டது. உலை வேலையாள்களின் கைத்திறனும் எரித்த விறகும் எல்லாம் ஒரு மூலப்பொருள் பிழையில் வீண்.

நம் நாட்டிலேயே இதற்கு மாறான பட்டறையும் உண்டு. ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகமும், பின்னர் புதுவைப் பல்கலைக்கழகமும் தோண்டியபோது, பச்சைக்கல், படிகம், சூதுபவளம் முதலிய கற்கள் தீட்டும் தொழிலின் எல்லாப் படிநிலைகளும் கிடைத்தன. பச்சைக்கல்லுக்குப் படியூர், இரும்புத் தாதுக்குச் சென்னிமலை என்று பல மூலப்பொருள்கள் பக்கத்திலேயே இருந்தன. கொடுமணல் கல் இருக்குமிடம் தேடிப் போய்க் குடியேறிய தொழில். அரிக்கமேடு துறைமுகத்தில் உட்கார்ந்து கல்லையும் உலோகத்தையும் தன்னிடம் வரவழைத்த தொழில். இரண்டும் செழித்தன. ஆகவே, கைவினைஞர் தாமே பொருள் சேகரிக்க வேண்டும் என்பது இயற்கை விதி இல்லை.

ஆனால் இரண்டு ஊருக்கும் பொதுவான ஒன்று உண்டு. மூலப்பொருளை அறிந்திருந்தார்கள். எந்த மணல் சீக்கிரம் இறுகும், எந்தப் பச்சைக்கல்லில் உள்விரிசல் ஓடும், கைக்கு வந்த செம்பு எவ்வளவு சுத்தம் என்பதெல்லாம் வாங்குகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சேகரிப்பு என்பதில் நடையும் இருக்கிறது, அறிவும் இருக்கிறது. நடையைக் கூலிக்கு விடலாம். அறிவைக் கூலிக்கு விட்டால் கையில் மிஞ்சுவது பேத் ஷியாரிம் பாளம்தான்.

இணைய விளையாட்டுகளில் பலவும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டன. நடையைக் கட்டாயமாக்கி, அறிவை விட்டுவிட்டன. எந்த மலையில் கொத்தினாலும் ஒரே இரும்பு. எந்த இரும்பில் அடித்தாலும் ஒரே வாள். 1997-இல் வந்த அல்டிமா ஆன்லைன், உலகத்திலுள்ள மூலப்பொருளின் மொத்த அளவுக்கே வரம்பு கட்டிப் பார்த்தது. ஆட்டக்காரர்கள் சேர்த்ததையெல்லாம் செலவழிக்காமல் பதுக்கியதால் புதுப்பொருள் முளைப்பது நின்று, அந்த ஏற்பாடே கைவிடப்பட்டது. 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், சுரங்கத் தொழிலையும் கொல்லுத் தொழிலையும் தனித்தனியாக வைத்து, நடுவே ஏலச்சந்தையையும் வைத்தது. கொத்துவது பிடிக்காதவர் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். நடையின் சுமை குறைந்தது. ஆனால் வாங்கும் இரும்புக் கட்டிகள் எல்லாம் ஒரே தரம். தேர்ந்தெடுக்க அங்கே எதுவும் இல்லை.

அரிக்கமேட்டுக்கு மிக அருகில் வந்தது 2003-இல் தொடங்கி 2011-இல் மூடப்பட்ட ஸ்டார் வார்ஸ் கேலக்ஸிஸ். அதில் ஒவ்வொரு கனிமத்துக்கும் மின்கடத்தும் தன்மை, வளைந்துகொடுக்கும் தன்மை, உறுதி என்று தனித்தனி எண்கள் இருந்தன. ஒரு நல்ல படிவு சில நாள் மட்டும் இருக்கும். பிறகு மறைந்து, வேறு குணத்தோடு வேறு எங்கோ தோன்றும். ஆய்வுக் கருவியோடு நிலம் அலசி, வளமான இடத்தில் இயந்திரத்தை நட வேண்டும். செய்த துப்பாக்கியின் தரம் அந்த எண்களைப் பொறுத்தே அமையும். விளைவு சுவையானது. செய்கிறவர்கள் எல்லோரும் தோண்டப் போகவில்லை. நல்ல கனிமம் கண்டுபிடித்து விற்பதே சிலருக்குத் தொழிலாயிற்று. பேர்பெற்ற ஆயுதச் சிற்பிகள் சரக்கைப் பார்த்துப் பொறுக்கி வாங்கினார்கள். வரலாற்றில் நடந்த பிரிவினை அங்கே தானாக முளைத்தது.

ஆக, சேகரிப்பு வேண்டுமா என்ற கேள்வியை விளையாட்டு செய்கிறவர் இப்படி மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம்: இரண்டு சுரங்கத்து இரும்பில் இரண்டு விதமான வாள் வருகிறதா? வருகிறது என்றால் சேகரிப்பு கைத்தொழிலின் பாதி. அதைத் தானே செய்வதா, வேறொருவரிடம் வாங்குவதா என்பது ஆடுகிறவரின் விருப்பம். வரவில்லை என்றால் அந்தச் சுரங்கத்தை மூடிவிட்டு இரும்பைக் கடையில் அடுக்கிவிடலாம். யாருக்கும் நட்டமில்லை.