மூன்று புள்ளி அரசன்

கடதாசி விளையாட்டைப் பற்றி ஓர் இலக்கியப் பகுதியிலே எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். வாசிகசாலை விறாந்தையிலும், கோயில் திருவிழா முடிந்த பின்னிரவிலும், செத்த வீட்டிலே விடியுமட்டும் விழித்திருக்க வேண்டிய வேளையிலும் ஆடப்படுவது அது. பெற்றோர் வெறுப்பது, ஆசிரியர் பறித்து வைப்பது. நானும் ஓர் ஆசிரியனே. மாணவரிடமிருந்து பறித்த கட்டுகள் என் மேசை லாச்சியிலும் கிடந்ததுண்டு. ஆனால், பள்ளி கலைந்த பின்னர் அக்கட்டை எடுத்து ஒவ்வொரு சீட்டாகப் புரட்டி, அரசன் முகத்தையும் அரசி கையிலுள்ள பூவையும் பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கமும் எனக்குண்டு. அப்பழக்கமே நாளடைவில் சேகரிப்பாக வளர்ந்தது. இன்று என் அலுமாரியில் 40க்கு மேற்பட்ட கட்டுகள் இருக்கின்றன. அவற்றுள் நான் உயிரெனப் போற்றும் கட்டிலே 31 சீட்டுகளே உண்டு. அதைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரை. ஆயினும், அதற்கு முன் கொஞ்சம் பழங்கதை பேச வேண்டும்.

யாழ்ப்பாணத்திலே கடதாசி என்றால் முதலில் நினைவுக்கு வருவது 'முந்நூற்றிநாலு'. 52 சீட்டுகளுள் இரண்டு முதல் ஆறு வரையுள்ளவற்றை நீக்கி, எஞ்சிய 32 சீட்டுகளால் நால்வர் இரு பக்கமாகப் பிரிந்து ஆடும் ஆட்டம் இது. ஜாக் எனப்படும் சேவகனுக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, அரசனுக்கு 3, அரசிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு சின்னத்துக்கு 76 ஆக, நான்கு சின்னங்களுக்கும் 304. ஆட்டத்தின் பெயர் பிறந்த கணக்கு இதுவே. சேவகன் ஒருவன் அரசர் பதின்மருக்குச் சமமாவது உலகில் வேறெங்கும் அரிது; எங்கள் விறாந்தையில் அது நாள்தோறும் நடந்தது.

சேவகனும் ஒன்பதும் தலைமை பெறும் முறை ஒல்லாந்து தேசத்துப் பழைய ஆட்டங்களிலும் உண்டு. ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அவர்கள் மொழியிலே மண்வாரிக்கு வழங்கிய 'ஸ்கோப்பன்' என்னும் சொல்லே எங்கள் பெரியவர் வாயில் 'இஸ்கோப்பன்' ஆயிற்று. மூவிலைப் புல்லைக் குறித்த 'கிளாவரன்' 'கலாவரை' ஆயிற்று. சிங்கள மக்களும் அச்சின்னங்களை 'இஸ்கோப்ப', 'கலாபர' என்றே வழங்குகின்றனர். கோட்டையை ஆண்டவர் போய்விட்டனர். அவர் கையிலிருந்த கடதாசியின் பெயர் மாத்திரம் இரு மொழிகளிலும் தங்கிவிட்டது.

பெயர் ஒல்லாந்தருடையது. முகமோ பிரெஞ்சுக்காரருடையது. இன்று கடைகளில் விற்கும் கட்டிலுள்ள அரசரும் அரசியரும் பிரான்சு நாட்டு ரூவான் நகரத்திலே வரையப்பட்ட பழைய மாதிரியின் வழிவந்தவர்கள். ஆங்கிலேயர் அம்மாதிரியைப் பார்த்துப் பார்த்துப் பிரதி செய்தனர். ஏட்டுப் பிரதி செய்தவர் பொருளறியாது எழுதியதால் பாட பேதங்கள் தோன்றியதை நம் தமிழாசிரியர் நன்கறிவர். கடதாசிக்கும் அதுவே நேர்ந்தது. இருதய அரசன் தொடக்கத்திலே கோடரி ஏந்தியிருந்தான். பிரதி செய்தோர் கைகளில் கோடரித் தலை தேய்ந்து மறைந்து, காம்பு வாளாக மாறி, அவ்வாள் அவன் தலைக்குள்ளேயே செருகிக்கொண்டது. சந்தேகமுள்ளவர் வீட்டிலுள்ள கட்டை எடுத்துப் பார்க்கலாம். இத்தனை தலைமுறையாக அவனைக் கையில் ஏந்திய நாம் அவன் முகத்தை ஒருநாளாவது உற்றுப் பார்த்தோமா?

வேற்றுநாட்டுக் கடதாசியைப் பெற்றவர் யாவரும் நம்மைப் போல் வாளாவிருந்ததில்லை. போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டிலே யப்பானுக்கும் கடதாசி கொண்டு சென்றனர். அங்கே அரசு தடை விதிக்க விதிக்க, மக்கள் புதிது புதிதாக வரைந்துகொண்டனர். முடிவிலே ஐரோப்பிய அரசரும் எண்களும் அகன்று, ஆண்டின் 12 மாதங்களுக்கும் மாதம் நான்காக 48 மலர்ச் சீட்டுகள் தோன்றின. 1889ஆம் ஆண்டு கியோத்தோ நகரிலே இம்மலர்ச் சீட்டுகளைச் செய்து விற்கத் தொடங்கிய ஒரு சிறு தொழிலகமே, இன்று திரை விளையாட்டுகளால் உலகப் புகழ் பெற்ற நின்டெண்டோ.

இந்தியாவிலும் இக்கதை நிகழ்ந்தது. பாரசீகத் தொடர்புடைய 'கஞ்சீபா' என்னும் சீட்டுகளை 1527ஆம் ஆண்டு பாபர் சிந்து தேசத்துத் தலைவனொருவனுக்கு அனுப்பியதாக அவருடைய நினைவுக் குறிப்பே கூறுகின்றது. 96 சீட்டுகளும் எட்டுச் சின்னங்களும் கொண்ட அவ்வாட்டத்தை வைத்துக்கொண்டு இந்நாட்டுச் சித்திரக்காரர் திருமாலின் பத்து அவதாரங்களைப் பத்துச் சின்னமாக்கி, 120 சீட்டுகள் கொண்ட தசாவதாரக் கட்டை உருவாக்கினர். வங்காளத்து விஷ்ணுபுரத்திலும், கொங்கணத்துச் சாவந்தவாடியிலும் அவை வட்ட வடிவிலே கையால் வரையப்பட்டன. விஷ்ணுபுரத்தார் பழந்துணியை மடிப்பு மடிப்பாகப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, சுண்ணம் பூசித் தேய்த்து, அதன்மேல் வண்ணம் தீட்டினர். பகலில் ஆடினால் இராமன் முதல்வன். இரவில் ஆடினால் கண்ணன் முதல்வன். மைசூரை ஆண்ட மும்முடி கிருஷ்ணராஜ உடையார் இக்கலையிலே பெரும் பித்துக்கொண்டவர். 1868ஆம் ஆண்டு மறைந்த அவ்வரசர், தாமே புதிய ஆட்டங்களை வகுத்து 'ஸ்ரீதத்துவநிதி' என்னும் பெருநூலிலே இடம்பெறச் செய்தார். அவற்றுள் சாமுண்டேசுவரியின் பெயரால் அமைந்த ஆட்டத்துக்கு 320 சீட்டுகள்!

அச்சிட்ட மலிவுச் சீட்டுகள் பரவியதும் இக்கைவினை நலிந்தது. அதனை மறதியிலிருந்து மீட்டவர்களுள் ருடால்ப் வான் லைடன் என்னும் ஜெர்மானியர் குறிப்பிடத்தக்கவர். 1933ஆம் ஆண்டு பம்பாய்க்கு வந்து கலை விமர்சகராக விளங்கிய அவர், ஊரூராகச் சீட்டுகளைத் தேடித் திரட்டி, அவற்றின் விதிகளையும் ஆராய்ந்து, 1982ஆம் ஆண்டு இலண்டன் விக்டோரியா அல்பேட் நூதனசாலையின் சேகரிப்பைப் பற்றிய நூலையும் வெளியிட்டார். சாவந்தவாடி அரச குடும்பத்தாரோ 1970களிலே எஞ்சியிருந்த முதிய சித்திரக்காரரிடமிருந்து கலையைக் கற்றுக்கொண்டு, அரண்மனையிலேயே அதற்கு மறுவாழ்வு அளித்தனர். ஒருவர் சேகரித்தார், மற்றவர் வரைந்தார். இரண்டும் ஒரு காரியத்தின் இரு கைகள் என்பதை நான் உணர நெடுங்காலம் சென்றது.

இனி என் 31 சீட்டுகளுக்கு வருகிறேன்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் மழையோடு மழையாகச் செம்மணி வெளியைக் கடந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்ததை இந்நிலத்திலே மறந்தவர் இலர். எனக்கு அப்போது வயது பதினைந்து. மட்டுவிலிலே உறவினர் ஒருவர் வீட்டில் ஐந்து குடும்பங்கள் ஒதுங்கினோம். பகற்பொழுது தண்ணீருக்கும் விறகுக்கும் அரிசிக்குமாகக் கழிந்துவிடும். இரவுதான் நீண்டது. ஜாம் போத்தலிலே சிறிது மண்ணெண்ணெய் விட்டு, பஞ்சுத் திரி இட்ட விளக்கைச் சுற்றி அமர்ந்து, விட்டு வந்த வீட்டையும் கிணற்றையும் நினைத்து எல்லோரும் மௌனமாயிருப்போம். குழந்தைகள் அழுதால் அதட்டவும் எவருக்கும் மனம் வராது.

என் பெரியப்பா இளைப்பாறிய சித்திர ஆசிரியர். ஓரிரவு அவர் திடீரென்று, "தம்பி, முந்நூற்றிநாலுக்கு முப்பத்திரண்டு காட்தானே வேணும்? நாங்களே கீறுவம்" என்றார். அவ்வீட்டுக்காரர் சேர்த்து வைத்திருந்த பழைய கலியாண அழைப்பிதழ்கள் ஒரு கட்டு கிடைத்தது. அவற்றின் தடித்த மட்டையை ஒரே அளவாக வெட்டினோம். விளக்குக் கரியை வேப்பம் பிசினிலே குழைத்துக் கறுப்பு. பெரியம்மாவின் குங்குமத்தைக் குழைத்துச் சிவப்பு. வெட்டி முடித்ததும் பெரியப்பா தலையிலே கைவைத்துக்கொண்டார். ஒவ்வொரு மட்டையின் பின்புறத்திலும் ஒவ்வொரு மணமக்களின் பெயர்! பின்புறம் வேறுபட்டால் எதிராளியின் கையிலுள்ளது இன்னதென்று யாவரும் அறிந்துவிடுவர்; பிறகு ஆட்டமேது? முன்புறத்திலே எத்தனை அழகு செய்தாலும், பின்புறம் 32உம் ஒன்றுபோல் இருக்க வேண்டுமென்பதே கடதாசி வரைவோனின் முதல் விதி என்பதை அன்று கற்றேன். என் பாடநூல்களுக்கு இட்டிருந்த பழுப்புக் கடதாசி உறைகளைக் கழற்றிக் கொடுத்தேன். கஞ்சிப் பசையால் ஒட்டி வெயிலிலே காயவைத்தோம்.

அரசியர் நால்வரையும் பெரியப்பா முதலில் வரைந்தார். ஒருத்தி தலையிலே குடம். ஒருத்தி கக்கத்திலே கோழி. ஒருத்தி தோளிலே உறங்கும் குழந்தை. நான்காமவள் இரு கையாலும் அணைத்திருந்தது தையல் இயந்திரத்தின் தலை. நால்வரும் செம்மணி வீதியிலே எங்களோடு நடந்து வந்தவர்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. சேவகர் நால்வர்: பனையேறும் தொழிலாளி, வள்ளம் தள்ளுபவன், வண்டிக்காரன், கிழத்தாயைச் சைக்கிளின் பின்னே இருத்தி உருட்டிச் செல்லும் இளைஞன். இறுதியில் அரசர் நால்வரும் எஞ்சினர். பெரியப்பா நெடுநேரம் யோசித்தார். பின்னர் நான்கு மட்டைகளிலும் வெறும் முடியை மாத்திரம் வரைந்து, முகத்துக்குரிய இடத்தை வெறுமையாக விட்டுவிட்டார்.

"பெரியப்பா, ராசாவுக்கு முகம் இல்லையே?" என்றேன்.

"ராசாவுக்கு மூண்டு புள்ளிதானே, தம்பி. மூண்டு புள்ளிக்கு இவ்வளவும் காணும்."

அன்றைக்கு அவ்வீட்டிலே பல நாட்களின் பின்னர் சிரிப்பொலி கேட்டது. மறுநாள் முதல் இரவுதோறும் ஆட்டம். குங்குமம் விரலிலே ஒட்டியதால் இருதயச் சீட்டு யாரிடம் இருந்ததென்று கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். அதற்கும் ஒரு சண்டை, ஒரு சமாதானம். துயரம் போய்விடவில்லை. ஆனால் கேள்வி கேட்டு, துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டால், அந்த ஓர் ஆட்டம் முடியுமட்டும் நாங்கள் அகதிகளாக இல்லாமல் ஆட்டக்காரராக இருந்தோம்.

1996ஆம் ஆண்டு ஊர் திரும்பியபோது மூட்டைகளுக்குள் எண்ணிப் பார்த்தால் 31 சீட்டுகள். காணாமற்போனது கலாவரை ஏழு. புள்ளியே இல்லாத சீட்டு. ஆயினும் அது இல்லாமல் 32 ஆகாது, ஒருவர் கையில் ஒன்று குறையும், ஆட்டம் நடவாது. பெரியப்பா அதனை மீண்டும் வரையவில்லை. சில ஆண்டுகளில் அவரும் மறைந்தார். நான் அக்கட்டைப் பட்டுத் துணியிலே சுற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். சேகரிப்போனுக்குரிய பெருமிதத்தோடு பல்லாண்டு காவல் காத்தேன்.

அண்மையிலே என் மாணவர் சிலர் அதனைக் கண்டு, "சேர், இதைப்போல ஒரு கட்டு நாங்களும் கீறலாமா?" என்று கேட்டனர். இன்று கணினியிலே வரைந்து, வேண்டிய அளவு மாத்திரம் அச்சிட்டுக்கொள்ள முடியும். உற்சாகத்தோடு தொடங்கினோம். சின்னங்களாகப் பனை, வள்ளம், யாழ், பழைய யாழ்ப்பாண மன்னரின் சேது நாணயத்து நந்தி என நான்கைத் தெரிந்தோம். முதற் பிரதி ஏமாற்றமாயிற்று. சீட்டின் மூலையிலே சிறிதாகப் பொறித்தபோது யாழும் வள்ளமும் ஒன்றுபோலத் தெரிந்தன! விசிறிபோல் விரித்த கையில் நுனி மாத்திரமே தெரியும். அந்த நுனியிலே நொடிப்பொழுதில் இனங்காணத் தக்கதாகச் சின்னம் அமைய வேண்டும். ஸ்கோப்பனும் கலாவரையும் நூற்றாண்டுகளாக நிலைத்தது ஏனென்று அப்போதுதான் விளங்கிற்று. யாழை நீக்கி, அதனிடத்தில் பனையோலை விசிறியை வைத்தோம். அது பனையோடு குழம்புகிறது என்று ஒரு மாணவி சொல்லுகிறாள். வேலை இன்னும் முடியவில்லை.

ஆனால் ஒன்று முடிந்தது. பெரியப்பாவின் 31 சீட்டுகளையும் மாணவர் உள்ளபடியே பிரதி எடுத்தனர். கறையும் கிழிசலும்கூட மாறவில்லை. அப்பிரதிக்கு மாத்திரம் கலாவரை ஏழைப் புதிதாக வரைந்து சேர்த்தோம். மூலக்கட்டு குறையோடு பேழையிலே இருக்கட்டும். பிரதிக் கட்டு நிறைவோடு கைகளிலே புழங்கட்டும் என்பது என் முடிவு.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரணிலும், பழைய பெட்டியிலும், வாசிகசாலை மூலையிலும் இடப்பெயர்வுக் காலத்திலே கையால் கீறிய சீட்டுகள் கிடக்கலாம். கறைபட்டது, குறைபட்டது என்று எறிந்துவிடாதீர்கள். யாரை அரசியென்று கண்டோம், யாருக்கு முப்பது புள்ளி கொடுத்தோம் என்பதை அந்நாளிலே நாமே எழுதி வைத்த ஏடுகள் அவை.

சென்ற சனிக்கிழமை மாலை, அப்பிரதிக் கட்டால் முதலாவது ஆட்டம் ஆடினோம். புதிதாக வரைந்த கலாவரை ஏழு என் கைக்கே வந்தது. அதனால் ஒரு பிடியும் எடுக்க முடியவில்லை. ஆட்டத்திலும் தோற்றேன்.