8 ஜிபி ரேமில் 2 ஜிபி எங்கே போச்சு?

புது லேப்டாப். பெட்டியில் 8 ஜிபி ரேம் என்று போட்டிருக்கிறது. ஆசையாக உபுண்டு போட்டு, சிஸ்டம் மானிட்டரைத் திறந்தால் சுமார் 6 ஜிபிதான் காட்டுகிறது. கடைக்காரர் ஏமாத்திட்டாரா? இல்லை. மீதி ரேம் உள்ளேதான் இருக்கிறது, கிராபிக்ஸ் எடுத்துக்கொண்டது.

தனி கிராபிக்ஸ் கார்டு என்றால் அதற்குச் சொந்த மெமரி இருக்கும். பிராசஸருடன் சேர்ந்தே வரும் இன்டகிரேட்டட் கிராபிக்ஸுக்கு அது கிடையாது. ரேமில்தான் பங்கு கேட்கும். அதை இரண்டு விதமாகக் கேட்கிறது, குழப்பமே இங்கேதான்.

முதலாவது, ஒதுக்கீடு. லினக்ஸ் பூட் ஆவதற்கு முன்பே பயாஸ் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்துவிடும். அது சும்மா கிடந்தாலும் உங்கள் பிரவுசரால் தொட முடியாது. இன்டெல்லில் இது பெரும்பாலும் சில பத்து எம்பிதான். அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘ஸ்டோலன் மெமரி’, அதாவது திருடிய மெமரி! ஏஎம்டி லேப்டாப்களில் 512 எம்பி சகஜம். சில மாடல்களில் 2 ஜிபி. மேலே காணாமல்போனது இப்படித்தான்.

இரண்டாவது, கைமாற்று. கேமோ வீடியோவோ ஓடும்போது டிரைவர் லினக்ஸிடம் ரேம் கேட்டு வாங்கும். மூடியதும் திருப்பித் தந்துவிடும். ஏஎம்டியில் இதற்கு ஜிடிடி என்று பெயர். வழக்கமாக ரேமில் பாதிவரை வாங்கலாம். அது உச்சவரம்புதான், முன்கூட்டியே பிடித்து வைப்பதில்லை. இன்டெல்லின் ஐ915 டிரைவர் வாங்குவது, டெர்மினலில் ‘ஃப்ரீ’ கட்டளை காட்டும் ‘ஷேர்டு’ கணக்கில் சேரும். ஒவ்வொரு ஆப்பின் ரேமையும் கூட்டிப் பார்த்தால் மொத்தத்தோடு ஒத்துவராமல் போக இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் 2 ஜிபி ஒதுக்கீட்டைக் குறைக்கலாமா? தாராளமாக. பயாஸில் ‘யுஎம்ஏ ஃபிரேம் பஃபர்’ என்ற ஆப்ஷன் இருந்தால் 512 எம்பி வையுங்கள். மிச்சத்துக்குக் கைமாற்று இருக்கிறது. ஒதுக்கீட்டை மட்டும் பார்த்துவிட்டு ‘மெமரி போதாது’ என்று அடம்பிடிக்கும் சில கேம்களுக்காக வேண்டுமானால் ஏற்றலாம். பல லேப்டாப்களில் இந்த ஆப்ஷனே கண்ணில் படாது என்பது வேறு விஷயம்.

ஏத்தினா ஸ்பீடு கூடும் என்று நம்பாதீர்கள். இரண்டு பங்கும் அதே ரேமில்தான் இருக்கின்றன. வேகத்தை முடிவுசெய்வது ரேமின் சேனல். டிடிஆர்4-3200 ஒரே ஸ்டிக் என்றால் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டு ஸ்டிக் போட்டு இரண்டு சேனலும் ஓடினால் 51.2 ஜிபி. இன்டகிரேட்டட் கிராபிக்ஸுக்கு இந்த வித்தியாசம் கேமில் கண்கூடாகத் தெரியும்.

அதனால் வாங்கும்போதே கேளுங்கள்: காலி ஸ்லாட் இருக்கா, இல்லை ரேம் போர்டிலேயே பற்றவைத்ததா? பற்றவைத்த 8 ஜிபி, காலி ஸ்லாட்டும் இல்லை என்றால், பின்னால் ஏற்ற வழியில்லை.