பழைய காரை டிரெய்லரில் ஏற்றும் முன் எல்.ஆரில் மதிப்பை எழுதுங்கள்

கார் கண்காட்சி, ராலி சீசன் வந்துவிட்டால் ஒரே புலம்பல்தான் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. அறுபது, எழுபது வருடப் பழைய திறந்த காரைக் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொண்டவர்கள், வெளியூர் அனுப்பும் நாளில் மட்டும் கிடைத்த வண்டிக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கார் போய்ச் சேரும்போது துணிக்கூரை கிழிந்திருக்கிறது, முன்கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது. நஷ்டஈடு கேட்கப் போனால் கையில் இருப்பது வாடகை எழுதிய ஒரு துண்டுச் சீட்டு.

திறந்த காருக்கு முதல் ஆபத்து காற்று. கூரையை விரித்தபடி ஏற்றினால் காற்று அடியில் புகுந்து தூக்கும். சட்டத்தோடு பிய்த்துக்கொண்டு போகும். கூரையை மடித்து வாரால் இறுக்கிக் கட்டுங்கள். காரின் முகம் லாரி போகும் திசையிலேயே இருக்கட்டும். பின்னாலிருந்து அடிக்கும் காற்றைத் தாங்கும்படி அந்தக் கண்ணாடியும் கூரையும் செய்யப்படவில்லை. சீட் குஷன், பக்கத் திரை, டூல் பெட்டி எல்லாவற்றையும் இறக்கித் தனியாக அனுப்புங்கள். மழைக்குப் பயந்து தார்ப்பாயைத் தளர்வாகப் போடுகிறார்கள். அது வழி நெடுக அடித்து அடித்து உப்புத்தாள் போலப் பெயின்ட்டைத் தேய்த்துவிடும். வசதி இருந்தால் மூடிய கன்டெய்னர் லாரியே நல்லது.

அடுத்தது கட்டு. பம்பரில் கொக்கி மாட்டி இழுத்துக் கட்டும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. பம்பர், ஸ்டீயரிங் ராடு, பிரேக் பைப், கம்பி வீலின் ஸ்போக்ஸ் எதிலும் கொக்கி படக்கூடாது. ஆக்சிலைச் சுற்றியோ டயரின் மேலோ நான்கு மூலைக்கும் தனித்தனி ராட்செட் பெல்ட் போட வேண்டும். எம்.ஜி. டி.சி. போன்ற சின்னக் காரே ஏறத்தாழ 800 கிலோ. சடன் பிரேக் போட்டால் அவ்வளவும் முன்னால் பாயும். பெல்ட்டில் தைத்த சீட்டில் எவ்வளவு எடை தாங்கும் என்று போட்டிருக்கும். சீட்டு இல்லாத பெல்ட்டை வாங்காதீர்கள். கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். புறப்பட்டுப் பதினைந்து, இருபது கிலோமீட்டரில் வண்டியை நிறுத்திப் பெல்ட்டை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். முதல் தளர்வு அங்கேதான் தெரியும்.

காரின் வால் அனுமதித்த அளவைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ) பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம். ஓட்டியவர் மட்டுமல்ல, அப்படி ஓட்ட அனுமதித்தவரும் இதில் மாட்டுவார்.

இனி, எல்லோரும் அலட்சியம் செய்யும் காகிதம். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007 என்று ஒன்று இருக்கிறது. அதன்படி, சரக்கு புக்கிங் எடுக்கும் நிறுவனம் மாநில அல்லது வட்டாரப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் நடக்கும் புக்கிங் ஆபீஸ்களை அதிகாரிகள் எட்டிப் பார்ப்பதே இல்லை. ஆகவே பதிவு எண்ணை நீங்களே கேளுங்கள். சரக்கு அனுப்பும் படிவத்தில் காரின் மதிப்பை எழுதி, அதே மதிப்பு லாரி ரசீதிலும் (எல்.ஆர்.) ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கூடுதல் பொறுப்புக்கான கட்டணத்தைக் கட்டாவிட்டால், சேதத்துக்கு அவர்களின் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்கோடு நின்றுவிடும். வாடகை 15,000 ரூபாய் என்றால் உச்சம் ஒன்றரை லட்சம். பத்து லட்சம் பெறும் காருக்கு அது எந்த மூலைக்கு? மதிப்பை எழுதுங்கள், கூடுதல் கட்டணத்தைக் கட்டி, அதையும் எல்.ஆரில் குறிக்கச் சொல்லுங்கள். சொந்த ரெக்கவரி வண்டி வைத்திருக்கும் தனிநபர் என்றால் இந்தச் சட்டம் பொருந்தாமல் போகலாம். அவரிடம் மதிப்பும் பொறுப்பும் குறித்த ஒப்பந்தம் எழுதி வாங்குங்கள்.

ஏற்றும் முன் நான்கு பக்கமும், அடியிலும் படம் எடுங்கள். இறக்கும் இடத்தில் அவசரப்படுத்துவார்கள். சேதத்தை டெலிவரி காப்பியில் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பிறகு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். ஸ்பீட் போஸ்டில், ஒப்புகையோடு. இதற்குக் கெடு 180 நாள். டெலிவரி ஆன நாளிலிருந்து அல்ல, புக்கிங் தேதியிலிருந்து. நோட்டீஸ் கொடுத்த பிறகுதான் வழக்குப் போட முடியும். அங்கே நிறுவனத்தின் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. இந்தச் சட்டம் தரும் பெரிய பலம் அது. சொந்த உபயோகக் கார் என்றால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஆலோசனைக்கு 1915 என்ற எண்.

இன்சூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். முழு பாலிசியில், சாலை வழியாக ஏற்றிச் செல்லும்போது நேரும் சேதமும் அடங்கும். ஆனால் பழைய கார் வைத்திருக்கும் பலரிடம் இருப்பது வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி. அதில் உங்கள் காருக்கு ஒரு பைசா வராது. காரின் மதிப்பைக் கம்பெனியோடு முன்பே பேசி, பாலிசியில் எழுதி வாங்குங்கள்.

சேதமான காரை வைத்துக்கொண்டு ‘பேசி முடித்துக்கொள்ளலாம்’ என்று காத்திருப்பவர்கள் முதலில் எல்.ஆரில் உள்ள புக்கிங் தேதியைப் பாருங்கள். 180 நாள் தாண்டவில்லை என்றால் இன்றைக்கே நோட்டீஸ் அனுப்புங்கள்.