மீனில்லாமல் அமிழும் தக்கை

உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை சில மாதங்களாக அறைக்குள் ஒடுங்கி, வானொலிச் செய்தி தன்னைக் குறித்தே பேசுகிறது என்று சொல்லத் தொடங்கினால், அது செய்வினையா, படிப்புச் சுமையா, ‘ஐஸ்’ போதைப்பொருளின் வேலையா, எவ்வளவு காலம் பொறுத்துப் பார்க்கலாம் என்பவை மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பெற்றோரைத் தூங்கவிடாத கேள்விகள். கடைசிக் கேள்விக்கு மட்டும் அறிவியலிடம் தெளிவான விடை உண்டு: பொறுத்துப் பார்க்கக் கூடாது. தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் மூளை அழிகிறது என்று இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் உறுதிப்படாதது. அதைவிட வலுவான காரணம் வேறிடத்தில் இருக்கிறது.

மனப்பிறழ்வு எனப்படுவது, பிறருக்குக் கேளாத குரல்கள் கேட்பதும், எந்தச் சான்றாலும் அசையாத பிழையான நம்பிக்கைகள் பற்றிக்கொள்வதும், எண்ணங்கள் கோவை இழப்பதுமான நிலை. மனச்சிதைவு அதன் வடிவங்களில் ஒன்றே தவிர, இரண்டும் ஒன்றல்ல. பெரும்பாலும் பதின்வயதின் பிற்பகுதியிலோ இருபதுகளிலோ முதன்முறை தலைகாட்டும் இந்நிலையில், அறிகுறி தெளிவாகத் தோன்றிய நாளுக்கும் தகுந்த சிகிச்சை தொடங்கிய நாளுக்கும் இடைப்பட்டதைச் ‘சிகிச்சையற்ற காலம்’ என்று ஆய்வாளர் அளக்கின்றனர். முன்தலையீட்டுத் திட்டங்கள் அந்த இடைவெளியைச் சுருக்கவும், அடுத்து வரும் 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு இளையவரின் கையை விடாமல் பிடித்துக்கொள்ளவும் அமைந்தவை.

டோபமைன் இன்பத்தைத் தரும் இரசாயனம் என்று செய்தித்தாள்கள் எழுதுவது பாதி உண்மைகூட அன்று. நரம்பியலாளர் வொல்ஃப்ரம் ஷூல்ட்ஸ் குரங்குகளைக் கொண்டு நடத்திய சோதனைகளில், எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமைன் நரம்பணுக்கள் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பின்னரோ சாற்றுக்குத் துடிக்காமல் விளக்குக்கே துடித்தன. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது அடங்கின. அவ்வணுக்கள் அறிவிப்பது இனிப்பையன்று, ‘இதைக் கவனி, இதில் உனக்கு ஏதோ இருக்கிறது’ என்பதையே. மனப்பிறழ்வில் அந்த அறிவிப்பு காரணமின்றியே எழுவதால், சாதாரணப் பொருள்களின் மீதும் நிகழ்ச்சிகளின் மீதும் முக்கியத்துவத்தின் முத்திரை விழுந்துவிடுகிறது என்று 2003இல் மனநல மருத்துவர் சிதிஜ் கபூர் முன்வைத்த விளக்கம், மூளை இரசாயனத்துக்கும் மனிதர் படும் அனுபவத்துக்கும் இடையே கட்டப்பட்ட நல்ல பாலங்களில் ஒன்று.

வாவிக்கரையில் தூண்டில் போடுபவருக்கு நீர்ப்பரப்பு எங்கும் ஒன்றுதான், அவர் கண் தக்கையில் மட்டுமே நிற்கிறது, தக்கை அமிழ்ந்தால் கீழே மீன். டோபமைனை அத்தக்கையாகக் கொண்டால், மனப்பிறழ்வு என்பது மீனில்லாமலே தக்கை அமிழ்வது. ஒருமுறை வெறுந்தூண்டில் வந்தால் அலை என்று விட்டுவிடலாம். பொழுது முழுவதும் அமிழ்ந்துகொண்டே இருந்தால், பக்கத்துத் தோணிக்காரர் நீருக்கடியில் கயிறு கட்டி இழுக்கிறார் என்பது போன்ற ஒரு விளக்கம் தேவைப்படுகிறது, அது கிடைத்த கணத்தில் பெரும் நிம்மதியும் கிடைக்கிறது. பிறர் பிழை என்று கருதும் அந்நம்பிக்கை, அவரைப் பொறுத்தவரை, கண்ணால் கண்டதற்குத் தேடிய நியாயமான காரணம். ஐஸ் எனப்படும் மெத்தாம்பெட்டமைன் டோபமைனை வெளியே தள்ளுவதால், அதைப் பாவிப்பது தன் தக்கையைத் தானே பிடித்து அமிழ்த்துவதற்குச் சமம். டோபமைன் ஏற்பிகளை அடைக்கும் மருந்தோ சிறு தக்கையைக் கழற்றிப் பெரிய தக்கை கட்டுகிறது: கண்ட அலைக்கெல்லாம் அது அமிழாது, ஆனால் அளவுக்கு மீறிப் பெரிதாகிவிட்டால் உண்மையான மீன் கடித்தாலும் அமிழாது. மருந்தின் அளவு கூடும்போது இளையவர் எதிலும் நாட்டமின்றிச் சோர்ந்து உட்கார்ந்துவிடுவதும், முதல்முறை நோயுற்றோருக்குக் குறைந்த அளவே பெரும்பாலும் போதும் என்று மருத்துவர் வலியுறுத்துவதும் இதனால்தான்.

தக்கையை மாற்றியதால் தோணிக்காரர் மீதுள்ள சந்தேகம் மறைந்துவிடுவதில்லை. மருந்து புதிய முத்திரைகள் விழுவதைத் தணிக்கிறதே தவிர, ஏற்கெனவே எழுதி முடித்த கதையை அழிப்பதில்லை. அக்கதை பேச்சின் மூலமும் பழக்கத்தின் மூலமும் மெதுவாகவே கரைகிறது. கதை 2 மாதமே வளர்ந்திருந்தால் கரைப்பது எளிது. 2 ஆண்டுகள் வளர்ந்திருந்தால், அதற்குள் பரீட்சை தவறியிருக்கும், அக்காவுடன் பேச்சு நின்றிருக்கும், அயல்வீட்டாரோடு பொலிஸ் முறைப்பாடுவரை போயிருக்கும், அந்த இழப்புகள் ஒவ்வொன்றும் கதைக்குச் சாட்சியாகவும் சேர்ந்திருக்கும்.

முன்தலையீட்டின் வரலாறு சுருக்கமானது. 1952இல் மனப்பிறழ்வுக்கான மருந்தாகக் குளோர்ப்ரோமசீன் பிரான்சில் பயன்பாட்டுக்கு வந்தது. அதன்பின் பல ஆண்டுகள் மருத்துவம் நாட்பட்ட நோயாளரையே பார்த்துக்கொண்டிருந்தது. 1990களின் தொடக்கத்தில் மெல்பேர்ணில் மனநல மருத்துவர் பற்றிக் மக்கோரி குழுவினர் இளையோருக்கென்று தனிச்சேவை தொடங்கினர். பிற நாடுகள் பின்தொடர்ந்தன.

தாமதத்தைக் குறைக்க முடியும் என்பதற்கு நோர்வேயின் ரோகலான்ட் பகுதியே சிறந்த சான்று. 1997 முதல் செய்தித்தாள் விளம்பரங்கள், ஆசிரியர்களுக்கும் குடும்ப மருத்துவர்களுக்கும் பயிற்சி, அழைத்தவுடன் வீடு தேடி வரும் குழு ஆகியவற்றால் சிகிச்சையற்ற காலத்தின் இடைநிலை அளவு 5 வாரங்களுக்கு இறங்கியது; ஒப்பீட்டுக்கு எடுத்த பகுதிகளில் அது 16 வாரங்கள். பரப்புரையை நிறுத்தியதும் ரோகலான்டிலேயே அது 15 வாரங்களாக ஏறிவிட்டது.

எனினும் முன்தலையீட்டை அற்புத மருந்தாக விற்பவர்களிடம் எச்சரிக்கை வேண்டும். டென்மார்க்கில் 547 பேரைக் கொண்ட ஓபஸ் ஆய்வில், சிறப்புச் சேவை பெற்றோர் 2 ஆண்டுகளில் தெளிவாக முன்னேறியிருந்தும், வழக்கமான சேவைக்குத் திரும்பிய பின் 5ஆம் ஆண்டில் அறிகுறிகளைப் பொறுத்தவரை வேறுபாடு ஏறத்தாழ மறைந்துபோயிற்று. சேவையை 5 ஆண்டுகளுக்கு நீட்டிப்பதும் அங்கே கூடுதல் பலன் தரவில்லை, கனடாவில் தந்தது. தாமதித்து வந்தோர் நிலை மோசமாக இருப்பதற்கு, மெதுவாகப் பிடிக்கும் நோய் தன்னியல்பிலேயே கடினமானது என்பதும் ஒரு காரணமாகலாம். நோய் வருமுன்பே அபாயத்தைக் கணிக்கும் சோதனைகளோ இன்னும் பலவீனமானவை: உயர் அபாயம் என்று குறிக்கப்பட்டோரில் பெரும்பாலோருக்கு 3 ஆண்டுகளில் மனப்பிறழ்வு வருவதில்லை.

தமிழர் நடுவே இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு சென்னையில் இருக்கிறது. சாரதா மேனனும் ஆர். தாராவும் முன்னின்று 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனமும், மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகக் குழுவும், முதல்முறை மனப்பிறழ்வுற்றோரை ஒரே முறையில் 2 ஆண்டுகள் கவனித்து ஒப்பிட்டன. குரல்கள், பிழையான நம்பிக்கைகள் தணிந்ததில் இரு நகரங்களும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன. ஊக்கமின்மை, ஒடுக்கம் ஆகியவற்றிலிருந்து மீண்டதிலும் சேவையை இடையில் கைவிடாமையிலும் சென்னை முந்தியது. குடும்பத்தார் சிகிச்சை முழுவதும் உடன் நின்றது அதற்கு முக்கிய காரணமாகத் தெரிந்தது. இலங்கையில் 5 ஆண்டுகள் நோயாளரைப் பின்தொடர்ந்து நான்சி வக்ஸ்லர் 1979இல் வெளியிட்ட ஆய்வும் குடும்பத்தின் பங்கையே சுட்டியிருந்தது. இதை வைத்துக் கீழைத்தேயக் குடும்பம் எல்லாவற்றையும் குணமாக்கும் என்று பெருமையடிப்பது தவறு, ஏனெனில் அந்தப் பாரம் பெரும்பாலும் தாய் ஒருத்தியின் தோளில்தான் இறங்குகிறது.

மட்டக்களப்பில் இத்தகைய சேவைக்கு அடித்தளம் இல்லாமலில்லை. போரும் 2004 ஆழிப்பேரலையும் கண்ட இம்மாவட்டத்தில், நோயாளரைக் கொழும்புக்கு அருகிலுள்ள அங்கொடை மனநல வைத்தியசாலைக்கு அனுப்பிவிடாமல் ஊரிலேயே பராமரிக்கும் சேவையை மகேசன் கணேசன் போன்ற மனநல மருத்துவர்கள் வளர்த்தெடுத்தனர். இருந்தும் படுவான்கரைக் குடும்பமொன்று நகரத்திலுள்ள போதனா வைத்தியசாலைக்கு வருமுன், அம்மன் கோவிலில் வாக்குக் கேட்டு, நூல் கட்டி, நேர்த்தி வைத்துப் பார்க்கிறது. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓதிய தண்ணீர் கொடுக்கப்படுகிறது. இவற்றைப் பழிப்பதால் ஒருநாள்கூட மிச்சமாகாது. மாறாக, ரோகலான்டில் ஆசிரியருக்குக் கொடுத்த பயிற்சியை இங்கே ரியூசன் ஆசிரியருக்கும் அம்மன் கோவில் கட்டாடியாருக்கும் மௌலவிக்கும் கொடுத்தால், பிள்ளையை முதலில் காண்பவர்களே கிளினிக்குக்கு வழிகாட்டுவோராகவும் ஆவர். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே அழைத்து ஆலோசனை பெறலாம். நேர்த்திக்கடனும் மருந்தும் ஒரே வாரத்தில் நடக்கலாம், கோவிலின் வைகாசிச் சடங்கு முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.