சுண்ணாம்புக்கல்லா, சிமெண்ட் மூட்டையா?

அரியலூர் பக்கம் மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல். ஆனாலும் அங்கே வீடு கட்டுகிறவர் கல்லை வெட்டியெடுத்து, களிமண் சேர்த்து அரைத்து, சூளையில் 1,450 டிகிரிக்குச் சுட்டுக்கொண்டிருப்பதில்லை. கடையில் 50 கிலோ மூட்டை வாங்குகிறார். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தயாரான வாரமும் மூட்டை மேலேயே இருக்கும்.

லினக்ஸில் மென்பொருள் நிறுவவும் இதே இரு வழிகள்: மூலநிரலை இறக்கி நாமே கம்பைல் செய்யலாம், அல்லது தயாராக இருக்கும் பேக்கேஜை எடுத்துக்கொள்ளலாம். பெரம்பலூர், அரியலூர் மாணவர்களுக்கு இது எட்டாத சங்கதி அல்ல. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடித்தளமாகக் கொண்டு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. பேக்கேஜ்களை நிறுவும் டெபியனின் 'ஆப்ட்' கருவி அதிலும் உண்டு.

அச்சுப் பக்கத்தின் படத்திலிருந்து எழுத்துகளைப் படித்தெடுக்கும் டெசராக்ட் வேண்டும் என்று வையுங்கள். ஆப்ட்டிடம் பெயரைச் சொன்னால், அதற்குத் தேவையான லெப்டோனிகா நிரலகத்தையும் அதுவே தேடிக் கொண்டுவரும். வந்த பேக்கேஜ்கள் டெபியனின் களஞ்சியத்திலிருந்து வந்தவைதானா என்று மின்னணுக் கையொப்பத்தை வைத்துச் சரிபார்க்கும். தமிழ்த் தரவு மட்டும் தனிப் பேக்கேஜ். அதைக் கேட்க மறந்தால் ஆங்கிலம்தான் படிக்கும். மூலநிரல் வழியில் போனால் கம்பைலர், லெப்டோனிகா என ஒவ்வொன்றையும் நாமே சேர்க்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வேலை பாதியில் நிற்கும். எனக்குப் பெரிய கவலை அதுவல்ல. நாளை அந்த நிரலில் பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால், பேக்கேஜுக்கான திருத்தம் வழக்கமான புதுப்பிப்போடு வந்துவிடும். நாமே கம்பைல் செய்தது, நாம் கவனிக்கும்வரை ஓட்டையோடுதான் கிடக்கும்.

மூலநிரல் என்றால் நம்பலாம் என்ற எண்ணமும் முழுக்கச் சரியல்ல. 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்.இசட். என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அறிவித்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.ஹெச். வழி உள்நுழைவு அரை விநாடி தாமதமானதுதான் அவருக்குக் கிடைத்த துப்பு. கள்ளக்கதவைக் கிளப்பிவிடும் வரிகள் அந்தக் கருவியின் பொது நிரல் களஞ்சியத்தில் இல்லை. மூலநிரல் என்று வெளியிட்ட கோப்புக் கட்டுக்குள் இருந்தன. டெபியனின் சோதனைக் கிளைகள் வரை வந்த அது, நிலையான பதிப்பை எட்டவில்லை. புதியதை உடனே சேர்க்காமல் காத்திருக்கும் வழக்கம் அன்று காப்பாற்றியது.

அந்தக் காத்திருப்புக்கு விலையும் உண்டு. நிலையான பதிப்பில் மென்பொருள்கள் ஓரிரு ஆண்டு பழையவையாக இருக்கும். புதிய வசதி கட்டாயம் தேவை என்றாலோ, நிரலையே திருத்திப் பார்க்க வேண்டும் என்றாலோ மூலநிரலுக்குத்தான் போக வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய பழைய சுவரைச் செப்பனிட சிமெண்ட் ஒத்துவராது. சுண்ணாம்பைத்தான் நீற்ற வேண்டும். கணினி கற்கும் மாணவர் ஒருமுறையாவது மூலநிரல் வழியில் போய்ப் பார்க்க வேண்டும் என்பேன்.

அப்போது ஒன்றை மறக்க வேண்டாம். ஆப்ட் ஆளும் கோப்புறைகளில் கைவைக்காமல், கம்பைல் செய்வதற்கு முந்தைய 'கன்ஃபிகர்' கட்டத்திலேயே உங்கள் ஹோம் கோப்புறைக்குள் தனி இடம் காட்டி நிறுவுங்கள். பிறகு வேண்டாமென்றால் அந்த ஒரு கோப்புறையை அழித்தால் போதும்.